குதிரை முதுகில் மழைக்கோடு

கவரைப்பேட்டையைத் தாண்டிக் கும்மிடிப்பூண்டி போகும் நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு பஞ்சர் கடை. அதன் பின்பக்கம் தகரக் கொட்டகை. கொட்டகைக்குள் ஒரு செவலைக் குதிரை நின்றுகொண்டிருந்தது. முகூர்த்த நாள்களில் மணமக்களை ஏற்றிக்கொண்டு சாரட்டு வண்டி இழுக்கிற குதிரை அது. நான் பார்த்த அன்று அதன் மேல் ஜிகினாத் துணி இல்லை, தலையில் இறகுக் கொண்டை இல்லை. நான்கு நாள் விடாமல் பெய்த கார்த்திகை மழை அன்று காலைதான் ஓய்ந்திருந்தது. நீல நிறத் தார்ப்பாய் ஒன்றை அதன் மேல் போர்த்தி, வயிற்றோடு சேர்த்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள்.

என்னுடன் வந்திருந்த கால்நடை மருத்துவர் முதல் வேலையாக அந்தக் கயிற்றை அவிழ்க்கச் சொன்னார். தார்ப்பாயை விலக்கியதும் சோற்றுப் பானையைத் திறந்ததுபோல ஆவி எழுந்தது. கூடவே ஈரச் சாக்கு நாற்றம்.

“பக்குப் பக்கா கட்டியிருக்கு பாருங்க டாக்டரம்மா. நனையக் கூடாதுன்னுதான் மூடி வெச்சேன். அப்பவும் வந்துடுச்சு. ஒர்க்‌ஷாப்ல வேஸ்ட் ஆயில் கேட்டு வெச்சிருக்கேன். தடவுனா ரெண்டு நாள்ல உதிர்ந்துடும்னு சொல்றாங்க” என்றார் குதிரைக்காரர்.

“அதை மட்டும் தடவிடாதீங்கண்ணா” என்று மருத்துவர் அவசரமாகச் சொன்னார்.

குதிரைக்காரரின் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். மழையால் பள்ளிக்கு விடுமுறை. கொள்ளு ஊறவைத்த வாளியோடு ஓரமாக நின்றவளை மருத்துவர் பக்கத்தில் அழைத்தார். இருவரும் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டார்கள். “கண்ணை மூடிக்கிட்டு முதுகுல மெதுவா தடவிப் பாரு, பாப்பா. எங்கெல்லாம் கரடுமுரடா தட்டுப்படுதோ அங்கெல்லாம் நின்னு சொல்லு.”

அவள் தோளிலிருந்து தொடங்கினாள். முதுகெலும்பு ஓரமாகக் கை போனது. “இங்க... இங்க...” என்றாள். பிறகு கை இடுப்பிலிருந்து கீழே சரிந்தது. மறுபடி மேலே போய், இன்னொரு கோடாகக் கீழே இறங்கியது. கண்ணைத் திறந்து, “மழைத் தண்ணி வழியிற மாதிரியே இருக்கு டாக்டர்!” என்றாள்.

அவள் கண்டுபிடித்தது சரி. நின்றபடி நனைகிற குதிரையின் முதுகில் விழும் மழை, பக்கவாட்டில் எந்த வழியாக ஓடி இறங்குகிறதோ அந்த வழியில்தான் இந்தப் பக்குகள் வரிசை கட்டும். படம் வரைந்து வைத்ததுபோல் இருக்கும். நோய்க்குக் காரணம் என்ன என்பதை மழை தானே குதிரையின் தோலில் கோடு போட்டுக் காட்டிவிடுகிறது.

மருத்துவர் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய வெதுவெதுப்பான நீரில் 9 கிராம் உப்பைக் கரைத்தார். பஞ்சை அதில் நனைத்து ஒரு பக்கின் மேல் சிறிது நேரம் வைத்திருந்தார். பக்கு ஊறியதும் இரண்டு விரலால் மெல்ல எடுத்தார். பக்கோடு சேர்ந்து ஒரு கற்றை மயிரும் வந்தது. பார்க்க வண்ணம் தீட்டும் தூரிகையேதான்: கீழே கெட்டியான பிடி, மேலே மயிர். பக்கு இருந்த இடம் ஈரமாக, பளபளவென்று, தோல் உரிந்த முழங்கால்போல் தெரிந்தது. குதிரை உடம்பை ஒருமுறை சிலிர்த்தது. இந்த நோயில் அரிப்பு அவ்வளவாக இருக்காது. பக்கைப் பிடுங்கினால் வலிக்கும். அதனால்தான் ஊறவைக்காமல் பிய்க்கக் கூடாது.

அந்தத் தூரிகையை ஒரு சிறு காகித உறையில் போட்டு மூடினார். ஆய்வுக்கூடத்தில் அதைக் கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு நீரோடு நசுக்கி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். நானும் அப்படி ஒரு தகட்டைப் பார்த்திருக்கிறேன். நீல நிறத்தில் நீள நீளமான இழைகள். ஒவ்வொரு இழையும் குறுக்கிலும் நெடுக்கிலும் பிரிந்து, சின்னச் சின்ன உருண்டைகள் ஜோடி ஜோடியாக வரிசையில் அடுக்கியதுபோல் இருக்கும். கும்மிடிப்பூண்டி ரயில் நிலைய மேம்பாலத்தின் மேல் நின்று கீழே தண்டவாளத்தைப் பார்த்திருக்கிறீர்களா? அதேதான்.

இந்தத் தண்டவாளத்துக்குப் பெயர் டெர்மட்டோபிலஸ் காங்கோலென்சிஸ். பெயர் பெரிதாக இருந்தாலும் பொருள் எளியது. கிரேக்க மொழியில் ‘டெர்மா’ என்றால் தோல், ‘பிலோஸ்’ என்றால் விரும்புவது. தோல்விரும்பி! காங்கோ என்பது ஆப்பிரிக்காவில் ஒரு நாடு. 1915ஆம் ஆண்டு அங்கே மாடுகளின் தோலில் இந்தக் கிருமியை முதன்முதலாக விவரித்து எழுதியவர் வான் சாசெகெம் என்ற பெல்ஜியக் கால்நடை மருத்துவர். இழை இழையாக வளர்வதால் பூஞ்சை என்று நினைக்கத் தோன்றும். பூஞ்சை இல்லை, இது பாக்டீரியா. குதிரை, மாடு, ஆடு எல்லாவற்றையும் பிடிக்கும். அபூர்வமாக மனிதர்களையும் பிடிக்கும். கையுறை அதற்காகத்தான்.

இதன் வாழ்க்கையில் எனக்கு மிகவும் வியப்பான பகுதி இனிமேல்தான் வருகிறது. பக்கு காய்ந்து கிடக்கும்போது தோல்விரும்பி தூங்கும். ஒரு மில்லிமீட்டர் இடத்தில் ஏறத்தாழ ஆயிரம் பேர் தோளோடு தோள் நிற்கலாம், அவ்வளவு சிறிய உருண்டைகளாகப் பல மாதம்கூட உயிரோடு கிடக்கும். மேலே மழைத்துளி விழுந்தால் விழித்துக்கொள்ளும். உருண்டைகளுக்குச் சாட்டை போன்ற நுண்ணிய இழைகள் முளைக்கும். அந்தச் சாட்டையைச் சுழற்றி அவை நீந்தத் தொடங்கும். நீந்தும் வித்துகள் என்று இவற்றைச் சொல்லலாம். நனைந்த மயிருக்கிடையே தேங்கியிருக்கும் மெல்லிய நீர்ப்படலம்தான் அவற்றின் குளம்.

சரி, எந்தப் பக்கம் நீந்துவது? அவற்றுக்குக் கண் கிடையாதே! இங்கேதான் கரியமில வாயு உதவுகிறது. உயிருள்ள தோலிலிருந்து கரியமில வாயு சிறிதளவு எப்போதும் கசிந்துகொண்டிருக்கும். அது கசிந்து வரும் திசையை நோக்கி வித்துகள் நீந்துகின்றன. இருட்டு அறையில் கொசு நம்மைக் கண்டுபிடிப்பதும் பெருமளவு நம் மூச்சில் உள்ள கரியமில வாயுவை வைத்துத்தான். கொசுவும் கண்ணுக்குத் தெரியாத இந்தக் கிருமியும் ஒரே துப்பைப் பின்தொடர்கின்றன.

ஆனாலும் நல்ல தோலுக்குள் இவற்றால் நுழைய முடியாது. குதிரையின் மேல்தோல் லேசுப்பட்டதில்லை. மயிர் எல்லாம் ஒரே திசையில் படிந்து, கீற்றுக் கூரை வேய்ந்ததுபோல் தண்ணீரை வெளியே தள்ளிவிடும். அடியில் தோல் சுரக்கிற எண்ணெய்ப்பசை இன்னொரு காவல். ஒரு மணி நேர மழையில் நனைந்த குதிரையின் மயிரை விலக்கிப் பார்த்தால், அடித்தோல் காய்ந்தே இருப்பதைப் பல நேரம் பார்க்கலாம். நாள்கணக்கில் நனைந்தால்தான் கூரை ஒழுகத் தொடங்குகிறது. எண்ணெய்ப்பசை கரைந்துபோகும். மேல்தோல் ஊறி மிருதுவாகிவிடும். அந்த நேரத்தில் ஓர் ஈ கடித்த புள்ளி, ஒரு முள் கீறல், சேணம் உரசிய தடம், ஏதாவது ஒன்று போதும். வித்துகளுக்கு வாசல் திறந்தாயிற்று.

நம் ஊரில் நடவு வேலை செய்கிற அம்மாக்களிடம் சேற்றுப்புண் பற்றிக் கேட்டுப் பாருங்கள். கழனிச் சேற்றில் நாள் முழுக்க நின்றால் கால்விரல் இடுக்கு வெளுத்து, ஊறி, வெடித்துப் புண்ணாகும். கிருமி வேறு. ஆனால் நடப்பது ஒன்றுதான்: முதலில் ஈரம் தோலைக் கெடுக்கிறது, பிறகுதான் கிருமி உள்ளே வருகிறது.

கவரைப்பேட்டை இருக்கும் திருவள்ளூர் மாவட்டத்துக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். 2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல் வந்தபோது இந்த மாவட்டத்தின் பல ஊர்களில் தண்ணீர் நாள்கணக்கில் வடியவே இல்லை. மேடு தேடி நின்ற மாடுகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பழவேற்காடு பக்கமிருந்து வீசும் கடற்காற்றிலும் ஈரம் அதிகம். மழை விட்ட பிறகும் துணி காயாது. குதிரையும் காயாது.

குதிரைக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. நம்மைப்போலவே அது வியர்த்துத்தான் உடம்பைக் குளிரவைத்துக்கொள்கிறது. ஓடி வந்த குதிரையின் கழுத்திலும் சேணத்தின் ஓரத்திலும் வெள்ளை நுரை தெரியுமே, அது அதன் வியர்வை. குதிரை வியர்வையில் லாதெரின் என்ற புரதம் இருக்கிறது. அது சோப்பு மாதிரி வேலை செய்து, வியர்வையை அடர்ந்த மயிர் வழியாக வெளியே பரவவைக்கும். பரவினால்தான் காற்றில் ஆவியாகும், உடம்பு குளிரும். காற்றே ஈரமாக இருக்கும்போது ஆவியாகாமல் மயிரிலேயே தங்கிவிடும். மேலே மழை, உள்ளே வியர்வை. இரண்டு பக்கமும் ஈரம்.

இப்போது அந்தத் தார்ப்பாயை நினைத்துப் பாருங்கள். குதிரைக்காரர் நல்ல எண்ணத்தோடுதான் போர்த்தினார். நனைந்த குதிரையின் மேல் பிளாஸ்டிக்கைப் போர்த்தினால் வெளி மழை நின்றுவிடும், ஆனால் உள்ளே இருக்கும் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். கூடவே குதிரையின் உடல் வெப்பம், ஏறத்தாழ 38 டிகிரி செல்சியஸ். கிருமிக்குக் குளமும் அடுப்பும் ஒன்றாகக் கிடைத்துவிட்டன. வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரே அளவில் இரண்டு சாக்குத் துண்டுகளை நனைத்துப் பிழியுங்கள். ஒன்றைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டுங்கள். மற்றொன்றை மின்விசிறிக்கு எதிரே தொங்கவிடுங்கள். மறுநாள் இரண்டையும் தொட்டுப் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். குதிரை எந்தச் சாக்கை விரும்பும் என்று தெரிந்துவிடும்.

ஆகவே, வீட்டு வைத்தியம் என்று கேட்டால் முதல் மருந்து மூலிகைப் பெட்டியில் இல்லை, காற்றில் இருக்கிறது. அன்று அந்தக் கொட்டகையில் மருத்துவர் செய்ததெல்லாம் இதுதான். தார்ப்பாயை எடுத்துக் கொட்டகையின் சாரல் அடிக்கும் பக்கத்தில் திரையாகக் கட்டச் சொன்னார். பஞ்சர் கடையிலிருந்து ஒரு மேசை விசிறியைக் கடன் வாங்கி, ஒயர் ஈரத்தில் படாமல் உயரத்தில் வைத்தார்கள். பழைய பருத்தி வேட்டியால் குதிரையை மயிர் படிந்த திசையிலேயே ஒற்றி ஒற்றித் துடைத்தார்கள். தரையில் தேங்கியிருந்த மூத்திரத்தையும் சேற்றையும் வழித்துத் தள்ளிவிட்டு, செங்கல் அடுக்கி மணல் பரப்பி மேடாக்கினார்கள். காய்ந்த வைக்கோல் போட்டார்கள். குளம்புக்கு மேலே, கணுக்காலின் பின்பக்க மடிப்பை மருத்துவர் தனியாகப் பார்த்தார். சேற்றில் நிற்கும் குதிரைக்கு அங்கேயும் வெடிப்பு வரும்.

தண்ணீர் தேங்கிய இடத்தில் குதிரையை நடத்திச் செல்லவும் வேண்டாம் என்றார். தொழிற்பேட்டைப் பகுதியில் சாலைக் குட்டையில் மழைநீரோடு எண்ணெயும் வேறு கழிவும் கலந்திருக்கலாம். ஏற்கெனவே புண்ணான தோலில் அது பட்டால் எரியும்.

மூலிகைக்கு வருவோம். வேப்பிலை, மஞ்சள், குப்பைமேனி இவற்றை நம் பாட்டிமார் சும்மா சொல்லவில்லை. வேப்ப எண்ணெயிலிருந்து நிம்பின் முதலான பொருள்களை 1942இல் பிரித்தெடுத்துக் காட்டியவர் சலீமுஸ்ஸமான் சித்திக்கி என்ற வேதியியலாளர். மஞ்சளின் கதை இன்னும் சுவையானது. புண்ணை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவது புதிய கண்டுபிடிப்பு என்று சொல்லி 1995இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிவிட்டார்கள். இந்தியாவின் அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம் எதிர்த்து வழக்காடியது. இந்த வழக்கம் இங்கே வெகுகாலமாக இருக்கிறது என்பதற்குப் பழைய நூல்களையே சான்றாகக் காட்டியது. 1997இல் அந்தக் காப்புரிமை ரத்தானது.

மஞ்சளில் வேலை செய்யும் பொருள்களில் முக்கியமானது குர்குமின். இரண்டு கண்ணாடிக் குவளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் தண்ணீர், மற்றொன்றில் தேங்காய் எண்ணெய். இரண்டிலும் அரை ஸ்பூன் மஞ்சள்தூள் போட்டுக் கலக்கி ஒரு மணி நேரம் விடுங்கள். தண்ணீரில் தூள் அடியில் படிந்து கிடக்கும். எண்ணெயோ பளிச்சென்ற மஞ்சள் நிறத்துக்கு மாறியிருக்கும். குர்குமின் நீரில் கரையாது, எண்ணெயில் கரையும். மஞ்சளை எண்ணெயில் குழைத்துப் பூசுவது ஏன் என்று இப்போது புரிகிறதா?

தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் இந்த வைத்தியங்களை முறையாகத் தொகுத்திருக்கிறது. தஞ்சாவூர்ப் பக்கம் பேராசிரியர் புண்ணியமூர்த்தி பல ஆண்டுகள் இதற்காகவே உழைத்தார். மாடுகளுக்குத் தோல் கழலை நோய் பரவியபோது புண்ணின் மேல் பூச அவர்கள் சொன்ன எண்ணெய் நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்தது. குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி ஒவ்வொன்றும் ஒரு கைப்பிடி, பூண்டு 10 பல், மஞ்சள்தூள் 20 கிராம். எல்லாவற்றையும் அரைத்து 500 மில்லி லிட்டர் நல்லெண்ணெய் அல்லது தேங்காய் எண்ணெயில் காய்ச்சி, ஆறவிட்டு, புண்ணைச் சுத்தம் செய்துவிட்டுத் தடவ வேண்டும்.

ஆனால் இது மாட்டுக்குச் சொன்னது. குதிரையின் தோல் மாட்டுத்தோலைவிட மென்மையானது, சட்டென்று தடித்துக்கொள்ளும். மாட்டுக்கு ஆயிற்றே என்று அப்படியே தூக்கிக் குதிரைக்குப் பூசிவிடக் கூடாது. மருத்துவரைக் கேட்க வேண்டும். அவர் சரி என்றாலும் காசு அளவு இடத்தில் தடவி ஒரு நாள் பார்க்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. ஈரமான பக்கின் மேல் கெட்டியாக எண்ணெய் பூசினால், எண்ணெய் இன்னொரு தார்ப்பாய் ஆகிவிடும்! ஈரம் உள்ளேயே அடைபடும். காற்று குறைவான இடத்திலும் தோல்விரும்பி வாழக் கூடியது. எனவே இந்த மழைக்கோடு நோயில், தோல் நன்றாகக் காயும்வரை எண்ணெய் எதுவும் வேண்டாம் என்பதே மருத்துவரின் தீர்ப்பு. வேப்பிலையைக் கொதிக்கவைத்து ஆறவைத்த நீரால் கழுவலாம் என்றார். கழுவிய உடனே துடைத்து விசிறிக்கு முன்னால் நிறுத்த வேண்டும். தினமும் கழுவவும் கூடாது. கழுவக் கழுவ எஞ்சியிருக்கும் எண்ணெய்ப்பசையும் போய்விடும்.

மருந்துக்கடையில் கிடைக்கும் கிருமிநாசினிகளில் குளோர்ஹெக்ஸிடினும் போவிடோன் அயோடினும் இந்தக் கிருமிக்கு எதிராக நன்றாக வேலை செய்கின்றன. மருத்துவர் சொன்ன அளவில் கலந்து தடவி, பத்து நிமிடம் அப்படியே விட்டுப் பிறகு அலசிக் காயவைக்க வேண்டும். தடவிய வேகத்தில் அலசினால் கிருமி சாக நேரம் போதாது. உடம்பெல்லாம் பரவி, காய்ச்சலும் வந்துவிட்டால் பென்சிலின் போன்ற ஊசி தேவைப்படலாம். அது மருத்துவர் கையால் மட்டும்.

வேஸ்ட் ஆயில் ஏன் கூடாது? ஓடி ஓடிக் கறுத்த என்ஜின் எண்ணெயில் தேய்ந்த உலோகத் துகளும், எரிந்த எரிபொருளின் நச்சுப் பொருள்களும் சேர்ந்திருக்கும். புண் வழியாக அவை உடம்புக்குள் போகும். குதிரை பல்லால் உடம்பைச் சொறியும்போது வாய்க்குள்ளும் போகும். ஒர்க்‌ஷாப்புகள் நிறைந்த இந்தப் பகுதியில் அது இலவசமாகக் கிடைக்கிறது என்பதுதான் ஆபத்தே. மண்ணெண்ணெய், பிளீச்சிங் பவுடர், பேட்டரித் தண்ணீர் இவையும் அந்த வரிசைதான். தடவியவர்கள் சிலர் “எனக்குப் பலித்ததே” என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. குதிரை காய்ந்த இடத்தில் நின்றால், இந்த நோய் பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே ஆறிவிடும். அந்த நேரம் பார்த்து எதைத் தடவியிருந்தாலும் பெயர் அதற்குப் போய்விடும்.

அப்படியானால் ஒரு வைத்தியம் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இந்தக் கேள்வியை அந்தச் சிறுமியிடம் மருத்துவர் கேட்டார். அவள் வெகுநேரம் யோசித்தாள். “ஒரு பக்கம் மட்டும் வேப்பிலைத் தண்ணி ஊத்திட்டு, இன்னொரு பக்கம் வெறும் உப்புத் தண்ணி ஊத்தலாமா?” என்றாள்.

மருத்துவரின் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அறிவியலாளர்கள் செய்வது அதைத்தான். ஒரே குதிரை, ஒரே கொட்டகை, ஒரே தீனி, ஒரே காற்று. மாறுவது ஒன்றே ஒன்று. அப்போதுதான் வித்தியாசம் எதனால் வந்தது என்று சொல்ல முடியும். ஒரு குதிரையை மட்டும் பார்த்து முடிவு கட்டிவிட முடியாது, பல குதிரைகளில் பார்க்க வேண்டும். ஆய்வுக்கூடத் தட்டில் வேப்பிலைச் சாறு பாக்டீரியாவைத் தடுத்தது என்றாலும், மயிரும் அழுக்கும் வியர்வையும் உள்ள முதுகில் அதே வேலை நடக்குமா என்பது தனியாகப் பார்க்க வேண்டிய விஷயம். பாட்டி சொன்னதை இப்படிச் சோதித்துப் பார்ப்பது பாட்டிக்கு மரியாதைக் குறைவு என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நூறு வீட்டில் பயன்படக் கூடிய ஒன்றை நூறு வீட்டுக்கும் நம்பிச் சொல்ல வேறு வழி கிடையாது.

அன்று மாலையே அவள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குதிரையின் இரண்டு பக்கத்தையும் படமாக வரைந்தாள். ஒவ்வொரு பக்குக்கும் ஒரு புள்ளி. நாள்தோறும் காலை ஏழு மணிக்கு எண்ணி எழுதுவது அவள் வேலை. தொடுவது, கழுவுவது, பக்கு எடுப்பது எல்லாம் அப்பா.

நம் நாட்டில் குதிரைக்கு இப்படி மெனக்கெடுவது புதிதில்லை. கப்பலில் வந்து இறங்கிய குதிரைகளைப் பற்றிப் பட்டினப்பாலை சொல்கிறது. பாண்டியர் காலத்தில் அரபு நாட்டுப் பக்கமிருந்து குதிரைகள் ஆயிரக்கணக்கில் வந்தன. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே வந்த மார்க்கோ போலோ, இத்தனை குதிரைகளை வாங்கியும் ஆண்டு முடிவில் மிகச் சிலவே பிழைத்திருந்தன என்று எழுதியிருக்கிறார். குதிரையைப் பேணத் தெரிந்தவர்கள் இல்லாததைத்தான் அவர் காரணமாகச் சொன்னார். வறண்ட பாலைவனத்துக் குதிரை நம் ஐப்பசி மழையில் நின்றால் என்னவாகும் என்று இன்று நம்மால் ஊகிக்க முடிகிறது. தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் குதிரைகளைப் பற்றிய படங்களுடன் கூடிய பழைய சுவடிகள் இருக்கின்றன. சென்னை வேப்பேரியில் 1903இல் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியது. குதிரையைப் பேணத் தெரிந்தவர்கள் இன்று நம்மிடம் இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிடுவதுதான் பாக்கி.

“கல்யாணத்துக்கு வண்டி இழுக்கிற குதிரைக்கு இவ்வளவு தேவையா?” என்று பஞ்சர் கடையில் நின்ற ஒருவர் கேட்டார். மருத்துவர் பதிலுக்குப் பாம்பைப் பற்றிச் சொன்னார்: நம் கழனி வரப்பில் மழைக்காலத்தில் பாம்பு அதிகம் நடமாடும். பாம்பு கடித்தால் மருத்துவமனையில் போடும் விஷமுறிவு மருந்து, குதிரையின் ரத்தத்திலிருந்து செய்யப்படுவது. மிகச் சிறிய அளவில் பாம்பு விஷத்தைக் குதிரைக்குக் கொடுத்து, அதன் உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுக்கிறார்கள். இதை மருத்துவர் சொன்னதும் அந்த மனிதர் உள்ளே போய், விசிறிக்கு நீளமான ஒயர் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார்.

மூன்று வாரம் கழித்து மறுபடி அந்த வழியாகப் போனேன். பக்கு உதிர்ந்த இடங்களில் குட்டையான புதுமயிர் வெல்வெட்டுத் துணிபோல் முளைத்திருந்தது. உதிர்ந்த பக்குகளைக் கொட்டகையில் விடாமல் காகிதத்தில் பொறுக்கி எரித்திருந்தார்கள். உள்ளே தூங்கும் வித்துகள் அடுத்த மழைக்கு விழிக்குமே! இந்தக் குதிரையைத் தேய்க்கும் பிரஷ்ஷைச் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் தனியாகக் காயவைத்திருந்தார்கள். சேணத்துக்கு அடியில் போடும் துணி கொடியில் ஆடிக்கொண்டிருந்தது. சிறுமியின் நோட்டில் புள்ளிகள் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்திருந்தன.

உங்கள் தெருவில் குதிரையோ, மாடோ, ஆடோ மழையில் நனைந்து நின்றால் சற்று நின்று பாருங்கள். குதிரைக்கு நேர் பின்னால் போகாதீர்கள். அங்கே வருபவர் அதன் கண்ணுக்குத் தெரிய மாட்டார், பயந்து உதைத்துவிடும். தோள் பக்கமாக, பெரியவர் ஒருவரோடு, குரல் கொடுத்துக்கொண்டே போங்கள். முதுகில் மழைக்கோடு தெரிகிறதா, மயிர் கற்றை கற்றையாக எழும்பி நிற்கிறதா என்று பாருங்கள். நீங்களாகப் பக்கைப் பிய்க்காதீர்கள். தொட நேர்ந்தால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். வட்ட வட்டமாக மயிர் கொட்டியிருந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம். அதற்கு மருந்து வேறு, மனிதருக்கும் எளிதில் ஒட்டிக்கொள்ளும். தீனி எடுக்காமல் நின்றாலோ, கால் வீங்கியிருந்தாலோ, சீழ் வடிந்தாலோ காத்திருக்காமல் உரிமையாளரிடம் சொல்லுங்கள். அரசின் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கும் எண் 1962. அதையும் சொல்லிவிட்டு வாருங்கள்.